சம்படத்தில் வந்த சத்துமாவு

நம் உணவுச் சோதனை லேபில் மாதிரி வாங்கும் மேஜைக்கு மேலே சுவரில் ஒரு தாள் ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ‘கடையில் விற்கும் பொட்டலத்தையே, பிரிக்காமல் கொண்டு வரவும்’ என்று என் கையெழுத்தில் இருக்கும். சேர்ந்த முதல் நாளே உங்களில் ஒருத்தி கேட்டாள்: “அக்கா, இதைக்கூடவா எழுதி ஒட்டணும்? பொட்டலத்தைப் பிரிச்சு யாரு கொண்டு வரப் போறாங்க?”

கொண்டு வருவார்கள். அதுவும் நல்லவர்கள்தான் அப்படிக் கொண்டு வருவார்கள்.

அடுத்த மாதம் நான் லேபின் ஓசூர் கிளைக்குப் போகிறேன். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இப்படியெல்லாம் ஓய்வு பெறுகிறவர்கள்தான் எழுதி வைப்பார்கள். எனக்கு இன்னும் முப்பது வயது ஆகவில்லை. ஆனாலும் எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டிய முதல் ஆள் நான். எனக்கு முன்னால் யாரும் எதுவும் எழுதி வைக்கவில்லை. அதனால் நான் எழுதி வைக்கிறேன். அறிக்கையின் அடியில் கையெழுத்துப் போடும்போது நான் பேனாவைக் கொஞ்சம் அழுத்துவேன் என்று மாதிரி வாங்கும் பீட்டர் அண்ணன் கிண்டல் செய்வார். உண்மைதான். அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

கருவிகளை எப்படி ஓட்டுவது என்பதை அவற்றோடு வந்த கையேடு சொல்லிக் கொடுக்கும். நான் சொல்லப் போவது அதில் இல்லாத ஒரு விஷயம்.

ஜெயந்தி ஸ்ரீரங்கத்துக்காரர். ஒரு தனியார் பள்ளியில் அலுவலக வேலை பார்த்தவர். குழந்தை பிறந்ததும் வேலையை விட்டுவிட்டு, வீட்டிலேயே சத்துமாவு செய்து விற்க ஆரம்பித்தார். கேழ்வரகு, பச்சைப்பயறு, பொட்டுக்கடலை, ஏலக்காய் என்று எல்லாம் வறுத்து அரைத்தது. கைக்குழந்தைகளின் கஞ்சிக்காக வாங்குவார்கள். முதலில் தெருவில் இருந்தவர்கள் வாங்கினார்கள், பிறகு அவர்களுடைய மகள்கள், நாத்தனார்கள். அப்புறம், நகரத்தில் நாலைந்து கிளை வைத்திருக்கும் ஒரு பல்பொருள் அங்காடியிலிருந்து கூப்பிட்டு, ஒரு கிளைக்கு மட்டும் கொடுத்துப் பாருங்கள் என்றார்கள். நன்றாகப் போனால் எல்லாக் கிளைக்கும் என்று பேச்சு.

ஆய்வறிக்கை வேண்டும் என்று கடைக்காரர்கள் கேட்டதால்தான் அவர் நம் மன்னார்புரம் லேபுக்கு வந்தார். இடுப்பில் குழந்தை மித்ரா, கையில் ஒரு எவர்சில்வர் சம்படம். சம்படம் பளபளவென்று இருந்தது. அதன் கழுத்தில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி முடிச்சுப் போட்டிருந்தார்.

பீட்டர் அண்ணன்தான் வாங்கினார். “என்னங்க இது, கல்யாண சீர் மாதிரி கட்டிக் கொண்டாந்திருக்கீங்க? உள்ள லட்டு ஏதாச்சும் இருக்கா?”

“மாவுதாங்க. நல்லபடியா எழுதிக் குடுங்க, அடுத்த வாட்டி லட்டு கொண்டாறேன்.”

“அப்படில்லாம் சொல்லாதீங்கம்மா. லஞ்சக் கேஸுல உள்ள போயிருவேன்.”

ஜெயந்தி சிரித்துவிட்டார். ஈரப்பதம், கிருமி, எரித்தால் மிஞ்சும் சாம்பல் என்று அவர் கேட்ட சோதனைகளைச் செய்தோம். எல்லாம் சரியாக வந்தது. அறிக்கையை வாங்கியவர் நெற்றியில் ஒற்றிக்கொண்டு போனார்.

கொஞ்ச நாள் கழித்து மறுபடி அதே சம்படத்தோடு வந்தார். கடையில் இரண்டு மூன்று தாய்மார்கள் மாவில் ஏதோ வாசனை வருகிறது என்று திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். மறுபடி சோதித்தோம். மறுபடி எல்லாம் சரி. அதோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தோம்.

மூன்றாவது முறை வந்தபோது அவர் சிரிக்கவில்லை. மாதிரி கொடுக்கும் இடத்துக்கும் போகவில்லை. படிக்கட்டுப் பக்கம் நின்றுகொண்டு என்னை மட்டும் வெளியே கூப்பிட்டார். மித்ரா அவர் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

“மேடம், என் கையிலதான் ஏதோ கோளாறுன்னு தோணுது. மில்லை மாத்திட்டேன். ஏலக்காய் வாங்குற கடையை மாத்திட்டேன். வறுக்குற சட்டியைப் புளி போட்டு, சாம்பல் போட்டுத் தேய்ச்சு வச்சிருக்கேன். இன்னமும் பேப்பர் வாசனை வருதுன்னு சொல்றாங்க. அடுத்த வாரம் எல்லாக் கிளைக்கும் சரக்கு போகணும். இந்தத் தடவையும் புகார் வந்தா இனி வேணாம்னு சொல்லிட்டாங்க.”

“நீங்க குடுத்த மாவுல ஒரு வாசனையும் இல்லீங்களே. நானே முகர்ந்து பார்த்தேன்.”

“எனக்கும் தெரியலைங்க. அரைச்ச உடனே உங்களுக்குன்னு தனியா எடுத்து வச்சிருவேன்.”

“கடைக்குப் போறதும் சம்படத்துலயா போகுது?”

“அது எப்படிங்க? அது பெட்டியில போகும்.”

“அந்தப் பெட்டி எங்க?”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “பெட்டி எதுக்குங்க? நீங்க மாவைத்தானே பாப்பீங்க? ஆபீஸுக்குக் குடுக்கிறதை அட்டைப் பெட்டியில போட்டுக் குடுத்தா மரியாதையா இருக்குமா? அதான் நல்ல சம்படமா பார்த்து, வெந்நீர்ல கழுவிக் காய வச்சு…”

நம் பக்கத்து மனிதர்கள் மருத்துவரிடம் போவதற்கு முன் குளித்துவிட்டுப் போவார்கள். கண் பரிசோதனைக்குப் போகும் குழந்தைக்கு மை தீட்டி அனுப்புவார்கள். அதே மரியாதைதான் இது. நம் லேபின் வழக்கமும் அதற்குக் குறைந்ததல்ல. யாராவது பெட்டியோடு கொண்டு வந்தால்கூட, பீட்டர் அண்ணன் மாவைக் கண்ணாடி ஜாடிக்கு மாற்றிவிட்டுப் பெட்டியைக் குப்பையில் போட்டுவிடுவார். சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காக அவர்களும் பெட்டியை விலக்கினார்கள், நாமும் விலக்கினோம். அந்தப் பெட்டியை ஒருவரும் பார்க்கவே இல்லை.

அன்று மதியம் அனுமதி கேட்டுக்கொண்டு அவரோடு பஸ் ஏறினேன். காவிரிப் பாலத்தில் காற்று அடித்ததும் மித்ரா விழித்துக்கொண்டு என் அடையாள அட்டையைப் பிடித்துக் கடிக்க ஆரம்பித்தாள்.

“விடுடி. மேடம் படிச்சு வாங்குனது அது,” என்றார் ஜெயந்தி.

வீடு சித்திரை வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் மாடியில் இருந்தது. சமையலறையைப் பார்த்தேன், நம் லேபைவிடச் சுத்தம். பிறகு மொட்டைமாடியில் தகரக் கூரை போட்ட அறையைத் திறந்தார். உள்ளே வெக்கை முகத்தில் அறைந்தது. கடைக்குப் போக வேண்டிய பெட்டிகள் சுவர் ஓரமாக அடுக்கியிருந்தன. அழகான பெட்டி. காவி நிறம், பச்சை எழுத்து. முன்பக்கம் ‘பிளாஸ்டிக் இல்லை’ என்று ஒரு இலைப் படம். பின்பக்கம் ஒரு வரி: ‘என் மகளுக்குக் கொடுப்பதையே உங்கள் பிள்ளைக்கும் கொடுக்கிறேன்.’

“உள்ள கவர் இல்லீங்களா?”

“முன்னாடி இருந்துச்சு. பிளாஸ்டிக் எதுக்குன்னு நான்தான் எடுத்துட்டேன். இது மறுசுழற்சி அட்டைங்க. மரம் வெட்டாம செஞ்சது. மாவு நேரா பெட்டிக்குள்ளயே போயிரும்.” அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் அன்றைக்கு முதல்முறையாக ஒரு பெருமை தெரிந்தது.

அடுக்கில் அடியில் கிடந்த, பல நாள் வெக்கையில் இருந்த ஒரு பெட்டியை எடுத்துத் திறந்தேன். ஏலக்காய் மணத்துக்கு அடியில் வேறொன்று இருந்தது. புதுச் செய்தித்தாளைப் பிரித்ததும் வருமே, அந்த மை வாசனை. மூடியின் உள்பக்கம் சாம்பல் நிறம். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் கூழில் கரையாமல் போன எழுத்துத் துணுக்குகள் கறுப்புப் புள்ளிகளாகத் தெரிந்தன.

எனக்கு அது புதிதல்ல. என் அம்மா எடமலைப்பட்டி புதூரில் ஒரு பழைய பேப்பர் கடையில் தாள் பிரிக்கும் வேலை செய்கிறவர். செய்தித்தாள், நோட்டு, அட்டை, பல வண்ண விளம்பரம் என்று எல்லாம் மூட்டையாகிக் காகித மில்லுக்குப் போவதைப் பார்த்துத்தான் நான் வளர்ந்தேன். அங்கே கூழாகி, சாம்பல் நிற அட்டையாகி, பெட்டியாகத் திரும்பி வரும். அச்சு மையில் இருக்கும், கச்சா எண்ணெயிலிருந்து வரும் கனிம எண்ணெய் மட்டும் முழுதாகப் போகாது. அட்டையிலேயே தங்கியிருந்து, சூட்டில் ஆவியாகி, பக்கத்தில் இருக்கும் மாவில் மெல்ல மெல்ல இறங்கும். காய்ந்த மாவு அதை வாங்கி வைத்துக்கொள்ளும். வாசனை தெரிவது ஒரு பகுதிதான். வாசனை இல்லாததும் இறங்கியிருக்கும்.

பெட்டி செய்து கொடுத்தவர் மலைக்கோட்டைக்குக் கீழே கடை வைத்திருக்கும் ஒரு பாய். ஜெயந்தி அவருக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

“பாய், இந்த அட்டை மாவு போடறதுக்கு ஆகுமான்னு மேடம் கேக்குறாங்க.”

“என்னது? சட்டை வைக்கிற பெட்டிக்குக் குடுக்கிற அட்டைம்மா அது. நீங்க ரீசைக்கிள்தான் வேணும்னீங்க, நம்மகிட்ட அதுல நம்பர் ஒன் சரக்கு இருக்குன்னு குடுத்தேன். உள்ள கவர் போட்டுத்தான் வைப்பீங்கன்னு நெனச்சேன். அல்லா, நேராவா கொட்டுனீங்க? எங்க வீட்டுப் பேரனுக்கும் உங்க மாவுதானேம்மா மருமக வாங்கிட்டுப் போனா!”

ஜெயந்தி போனை வைத்துவிட்டார். இடுப்பில் இருந்த மித்ராவைத் தரையில் இறக்கிவிட்டு, மறுபடி தூக்கிக்கொண்டார்.

“மேடம், பெட்டியில எழுதியிருக்கேன்ல, அது பொய் இல்லைங்க. கடைக்குப் போற பெட்டியில இருந்துதான் இவளுக்கும் தினம் எடுத்துக் காய்ச்சுறேன். பல்லு முளைச்சதுல இருந்து இதான் சாப்பிடுறா. சொல்லுங்க. இனிமே குடுக்கலாமா, வேணாமா?”

தம்பி தங்கைகளே, உங்களுக்கு இந்தக் கேள்வி ஒருநாள் வரும். மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று கேட்க மாட்டார்கள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, முகத்துக்கு நேராகக் கேட்பார்கள். அந்த நேரத்தில் உங்கள் கையில் அளந்து பார்த்த ஒரு எண்ணும் இருக்காது.

இரண்டு சுலபமான பதில்கள் என் நாக்கு வரை வந்தன. ‘ரிசல்ட் வரட்டும், சொல்கிறேன்’ என்பது ஒன்று. அப்படிச் சொன்னால் என் மேல் யாரும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சோதனை நம்மிடம் இல்லை. சென்னைக்கு அனுப்ப வேண்டும். அதுவரை அந்தக் குழந்தை என்ன சாப்பிடும்? ‘ஐயையோ, விஷம்’ என்று கத்துவது இன்னொன்று. அது உண்மையும் இல்லை. அந்தத் தாய் அதற்குப் பிறகு எத்தனையோ இரவுகள் தூங்கியிருக்க மாட்டார்.

அதனால் எனக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னேன்.

“இது வரைக்கும் சாப்பிட்டதால இன்னைக்கு இவளுக்கு ஒன்னும் ஆயிராதுங்க. தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டாம். ஆனா இது தினமும் சாப்பிடுற சாப்பாடு. உடம்புக்குள்ள வர வேண்டியதில்லாத எண்ணெய், சின்ன உடம்புல கொஞ்சம் கொஞ்சமா சேர வேண்டாம். எவ்வளவு இறங்கியிருக்குன்னு எனக்குத் தெரியாது. பெட்டிதான் காரணம்னு நெனைக்கிறேன், அதையும் நிரூபிக்கலை. தெரியற வரைக்கும் பெட்டி மாவு வேண்டாம். அரைச்சதும் சம்படத்துல எடுத்து வச்சதைக் குடுங்க.”

“உங்க பிள்ளையா இருந்தா?”

“பெட்டியில இருந்து குடுக்க மாட்டேன்.”

அவர் தலையாட்டினார். பிறகு கேட்டார்: “அப்போ கடையில இருக்கிறது?”

கடைச் சரக்கைத் திரும்ப எடுங்கள் என்று நான் சொல்லவே இல்லை. அவரே போனை எடுத்து, கடை மேலாளரிடம் இருக்கிற பெட்டி எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிடச் சொன்னார். அடுத்த வாரச் சரக்கும் வராது என்றார். எதிர்ப்பக்கம் ஏதோ சத்தம் போட்டார்கள். “ஆமாங்க, என் மாவுதான். என் மாவுங்கிறதாலதான் சொல்றேன்,” என்றார். போனை வைத்ததும் கதவு நிலையில் சாய்ந்து அழுதார். மித்ரா அவர் கன்னத்தை உள்ளங்கையால் தட்டித் தட்டிப் பார்த்தாள்.

மறுநாள் சார் என்னைக் கூப்பிட்டார். அப்போது நம் லேபின் தலைவராக இருந்தவர், நீங்கள் பார்த்ததில்லை. அதிகம் பேச மாட்டார்.

“ரிசல்ட் இல்லாம எப்படிச் சொன்னே?”

“குழந்தைக்குக் குடுக்கலாமான்னு… அவங்க கேட்டாங்க சார்.”

“நாம ரெண்டு தடவை நல்லா இருக்குன்னு குடுத்திருக்கோம்.”

“நாம குடுத்தது சம்படத்துக்கு சார். பெட்டிக்கு இல்ல.”

வேலை போய்விடும் என்றே நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “வாயால சொன்னியா, எழுத்துல குடுத்தியா?”

“வாயாலதான்.”

“எழுது. தெரிஞ்சது எது, தெரியாதது எது, ரெண்டையும் தனித்தனியா எழுது. கீழ நானும் கையெழுத்துப் போடறேன்.” நான் கதவு வரை போனதும், “சம்படத்து மாவு, பழைய பெட்டி மாவு, புதுப் பெட்டி மாவு மூணையும் சென்னைக்கு அனுப்பு. காலிப் பெட்டியையும் சேர்த்து,” என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் இதைச் சொன்னேன். கடை முற்றத்தில் தாள் குவியலுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். கை நின்றுவிட்டது.

“அப்போ நாங்க பிரிச்சுப் போடுறதுதான் புள்ளைங்க கஞ்சியில போய்ச் சேருதா?”

“உன் தப்பு என்னம்மா இருக்கு? இந்தத் தாள் மறுபடி அட்டையாகறது நல்லதுதான். சட்டைக்கு, செருப்புக்கு, பல்புக்கு எல்லாம் பெட்டியாகட்டும். மாவு மட்டும் அதைத் தொடக்கூடாது.”

அம்மாவின் முகம் வாடியே இருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. “இந்தக் குவியல்ல இருந்து நீ எடுத்துக் குடுத்த பாதி நோட்டுலதானேம்மா நான் காலேஜ் வரைக்கும் எழுதுனேன்,” என்றேன்.

“ஆமா. முதல் பாதி வேற யாரோ எழுதுனது, மீதி நீ எழுதுனது. அதான் உனக்கு ரெண்டு ஆளு வாயி,” என்றார். பிறகுதான் அவர் கை மறுபடி ஓடியது.

சென்னையிலிருந்து முடிவு வந்தது. சம்படத்து மாவில் ஒன்றுமில்லை. புதுப் பெட்டி மாவில் கொஞ்சம். தகரக் கூரைக்குக் கீழே கிடந்த பெட்டி மாவில், எந்தக் குழந்தைக்கும் நான் கொடுக்க விரும்பாத அளவு. ஜெயந்தியிடம் போனில் சொன்னேன். “அப்போ என் கையில கோளாறு இல்லை,” என்றார். இத்தனை நாளும் அவருக்கு அது ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அவர் மறுபடி தொடங்கப் பல மாதங்கள் ஆயின. அங்காடி அவருக்காகக் காத்திருக்கவில்லை. வேறு ஒரு மாவை வாங்கி அடுக்கிவிட்டது. தெருக்காரர்கள் மட்டும் விடவில்லை. அவரவர் வீட்டுச் சம்படத்தை எடுத்துக்கொண்டு வந்து அரைத்த அன்றே வாங்கிப் போனார்கள். கடைகளுக்கென்று, எண்ணெய் ஆவி ஊடுருவாத பிளாஸ்டிக் உறையை பாயே நாலு இடம் அலைந்து தேடிக் கொண்டுவந்தார். பிளாஸ்டிக்கே வேண்டாம் என்றிருந்த ஜெயந்திக்கு அதை ஏற்றுக்கொள்ளக் கஷ்டமாகத்தான் இருந்தது. “தோத்துப் போன மாதிரி இருக்குங்க,” என்று ஒருமுறை சொன்னார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை. பிளாஸ்டிக் இல்லாத வழியை உங்களில் யாராவது கண்டுபிடியுங்கள்.

புது உறையில் போட்ட மாவை மாடியறையில் அதே வெக்கையில் வைத்திருந்து சோதனைக்கு அனுப்பினோம். முடிவு வந்த அன்று மித்ராவோடு அவரை வரச் சொன்னேன். மித்ரா இப்போது நடந்து வந்தாள். பீட்டர் அண்ணன் எட்டிப் பார்த்தார்.

“சம்படம் எங்கம்மா?”

“இருக்குண்ணே. ஆனா காலி. மாவை உறையோட கொண்டாந்திருக்கேன், பிரிக்கலை.”

உறையைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

“‘என் மகளுக்கு’ன்னு போட்டிருந்தீங்களே, அந்த வரி எங்கங்க?”

“நீங்க சொன்னப்புறம் போடலாம்னுதான் விட்டு வச்சேன்.”

“போடுங்க. மாவுல ஒன்னும் இறங்கலை.”

ஜெயந்தி என்னைப் பார்த்தார். அப்புறம் மகளைப் பார்த்தார். “போடுறதுக்கு முன்னாடி அது உண்மையா இருக்கணும்ல?” என்றார்.

லேபுக்குள் சாப்பிடக் கூடாது என்பதால் கீழே டீக்கடைக்குப் போனோம். மாஸ்டர் ஒரு குவளையில் கொதிக்கும் பாலும் கொஞ்சம் சர்க்கரையும் கொடுத்து, அடுப்பின் ஓரத்தையும் விட்டுக் கொடுத்தார். ஜெயந்தி உறையை வெட்டி, மாவைக் கரைத்துக் காய்ச்சி, சம்படத்தின் மூடியில் ஊற்றி ஊதி ஆற வைத்தார். ஏலக்காய் மணம் மட்டும் வந்தது. பெஞ்சில் உட்கார வைத்து முதல் கரண்டியைக் கொடுத்தார். மித்ரா விழுங்கினாள். இரண்டாவதற்கு அவளே வாயைத் திறந்தாள். மூன்றாவது கரண்டியை அம்மா கையிலிருந்து பிடுங்கி, பாதியை என் வெள்ளை லேப் கோட்டில் சிந்திக்கொண்டே, என் வாய்க்கு நேராக நீட்டினாள்.

மாதிரியைச் சாப்பிடக் கூடாது என்பது விதி. அதை நீங்கள் ஒருநாளும் மீறாதீர்கள். ஆனால் அது அப்போது மாதிரியாக இல்லை. ஒரு குழந்தையின் கஞ்சியாகிவிட்டிருந்தது. நான் வாயைத் திறந்தேன்.